டக்கார்: கடலைப் பார்த்து நிற்கும் ஒரு தலைநகரம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டிலே இருந்துட்டு வந்திருக்கீங்க, ஏதாவது ஒரு ஊரைப் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். லண்டனைப் பற்றியும் சிங்கப்பூரைப் பற்றியும் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒன்பது வருஷம் வேலை பார்த்தது மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டின் தலைநகரான டக்காரில். கப்பல் முகவர் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஆகவே அந்த ஊரைத் துறைமுகத்துப் பக்கமிருந்துதான் நான் அறிவேன். அந்தப் பக்கமிருந்தே சொல்கிறேன்.

முதலில் வரைபடத்தை மனத்தில் கொண்டு வாருங்கள். ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலுக்குள் மூக்கு மாதிரி ஒரு நிலம் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு வெர்ட் முனை என்று பெயர். ஆப்பிரிக்கக் கண்டத்தின் பெருநிலத்தில் மேற்குக்கோடி அதுதான். அந்த மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் டக்கார். மூன்று பக்கம் கடல். வடகிழக்கிலிருந்து வீசும் காற்றாலும், பக்கத்தில் ஓடும் குளிர்ந்த நீரோட்டத்தாலும், சகாரா பாலைவனத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தும் பாதி வருஷம் ஊர் இதமாக இருக்கும். மழை ஜூலை முதல் அக்டோபர் வரைதான்.

ஊரின் பெயர்க் காரணம் கேட்டால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அங்கே பேசும் வோலோஃப் மொழியில் 'டக்கார்' என்றால் புளி. புளியமரத்தை வைத்துத்தான் ஊருக்குப் பெயர் வந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வேறு விளக்கங்களும் உண்டு. ஆனால் ஒன்று நிச்சயம். புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்றுதான் தாவரவியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். நம் வீட்டு ரசத்திலே ஒரு சொட்டு ஆப்பிரிக்கா இருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் எடுத்துக்கொண்டு போனது

அந்த முனையில் ஆதியிலிருந்து வாழ்கிறவர்கள் லெபு என்னும் மீனவ மக்கள். 1444இல் போர்த்துக்கீசியக் கப்பல் அங்கே வந்தது. பிறகு டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று மாறி மாறி வந்தார்கள். எல்லோருக்கும் கண் விழுந்தது கரைக்கு எதிரே மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோரே என்ற சின்னஞ்சிறு தீவின்மேல். இன்று டக்கார் துறைமுகத்திலிருந்து படகில் இருபது நிமிஷத்தில் போய்விடலாம். மோட்டார் வண்டி கிடையாது. மஞ்சளும் சிவப்புமாக வெளுத்துப் போன சுவர்கள், காகிதப்பூக் கொடிகள். பார்க்க அவ்வளவு அழகு.

அந்த அழகுக்குள்ளே 'அடிமைகள் வீடு' என்று ஒரு கட்டடம் இருக்கு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. மேலே வியாபாரி குடியிருப்பு, கீழே இருட்டறைகள். கடலைப் பார்த்து ஒரு சிறு வாசல். 'திரும்பி வராத வாசல்' என்று அதைச் சொல்கிறார்கள். அந்தத் தீவு வழியாக எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள் என்பதில் வரலாற்று அறிஞர்களுக்குள் பெரிய வாதம் உண்டு. வேறு துறைமுகங்களிலிருந்துதான் அதிகம் பேர் போனார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எண்ணிக்கை எதுவானாலும், அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டு செல்லப்பட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட மனிதர்களுக்கு அந்த வாசல் ஓர் அடையாளம். 1978இல் யுனெஸ்கோ அந்தத் தீவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1991இல் நெல்சன் மண்டேலா வந்தார். 1992இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்தார். 2013இல் ஒபாமா வந்து அந்த வாசலில் நின்றார்.

அடிமை வியாபாரம் ஒழிந்த பிறகு கடல் எடுத்துக்கொண்டு போனது வேர்க்கடலையை. பிரெஞ்சுக்காரர்கள் 1857இல் டக்காரில் கோட்டை கட்டினார்கள். 1885இல் பழைய தலைநகர் செயிண்ட் லூயிக்கு ரயில் பாதை போட்டார்கள். 1902இல் மேற்கு ஆப்பிரிக்கப் பிரெஞ்சுக் காலனிகள் அத்தனைக்கும் டக்கார் தலைநகர் ஆனது. உள்நாட்டில் விளைந்த கடலை ரயிலில் வந்து, கப்பலேறி, பிரான்சுக்கு எண்ணெயாகப் போச்சு. அதே காலத்தில் நம் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்தும் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு மணிலாக்கொட்டை மூட்டை மூட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரே எஜமானனுக்கு இரண்டு கடைகள்!

அந்த ரயிலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1947 அக்டோபரில் டக்கார்–நைஜர் ரயில்வேயின் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் வெள்ளைக்காரத் தொழிலாளிக்குச் சமமான உரிமை கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். உஸ்மான் செம்பேன் அதை வைத்து எழுதிய நாவல் 1960இல் வெளிவந்தது.

கடல் எடுத்த மூன்றாவது பொருள் சிப்பாய்கள். இரண்டு உலகப் போர்களிலும் பிரான்சுக்காக ஆப்பிரிக்க இளைஞர்கள் போய்ச் செத்தார்கள். உயிரோடு திரும்பியவர்கள் டக்காருக்குப் பக்கத்தில் தியாரோய் முகாமில், பாக்கிச் சம்பளம் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1ஆம் தேதி காலை அவர்களைச் சுட்டார்கள். 35 பேர் என்று அன்றைய அரசுக் கணக்கு சொன்னது. உண்மையில் அதைவிட மிக அதிகம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அது ஒரு படுகொலைதான் என்று பிரான்ஸ் அதிபர் எழுத்தில் ஒப்புக்கொள்ள 2024 நவம்பர் ஆச்சு. எண்பது வருஷம்! அதற்கு அடுத்த ஆண்டு, 2025 ஜூலையில், பிரெஞ்சு ராணுவம் செனகலில் தன் கடைசி முகாமையும் ஒப்படைத்துவிட்டு வெளியேறியது.

கடல் கொண்டு வந்தது

இனி நமக்கு உறவான விஷயத்துக்கு வருகிறேன். புதுச்சேரிப் பக்கத்தில் நெய்து, அவுரி நீலம் தோய்த்த துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'கினே'. அது இங்கே கட்டுவதற்காக நெய்த துணி அல்ல. கப்பலேறி செனகலுக்குப் போகும். செனகல் ஆற்றங்கரையில் பாலைவனத்து மூர் வியாபாரிகள் வேலம்பிசின் கொண்டு வருவார்கள். பிசினுக்கு விலை ரூபாயிலோ பிராங்கிலோ இல்லை, இந்த நீலத்துணியில்! 'இத்தனை பிசினுக்கு ஒரு கினே' என்று கணக்கு. நம் ஊர்த் தறிக்காரரும் சாயக்காரரும் அறியாமலேயே, அவர்கள் கைவேலை இன்னொரு கண்டத்தில் நாணயமாக நடமாடியது. 19ஆம் நூற்றாண்டிலும் இது நடந்தது.

அடுத்தது அரிசி. நிலமெல்லாம் கடலைக்கு ஒதுக்கியாச்சு, ஜனங்கள் எதைச் சாப்பிடுவது? பிரெஞ்சுக்காரர்கள் தங்களுடைய இந்தோசீனாவிலிருந்து, ஆலையில் உடைந்துபோன அரிசியைக் கொண்டு வந்து இறக்கினார்கள். நாம் குருணை, நொய் என்று சொல்லி கஞ்சிக்கும் கோழிக்கும் போடுகிறோமே, அதேதான். செனகல் பெண்கள் அந்தக் குருணையை மீனோடும் தக்காளியோடும் காய்கறியோடும் சேர்த்துச் சமைத்து 'செபு ஜென்' என்று ஒரு சோறு படைத்தார்கள். ஒரே பெரிய தட்டில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். விருந்தாளி இருந்தால் மீனில் நல்ல துண்டை அவன் பக்கம் தள்ளிவிடுவார்கள். 2021இல் யுனெஸ்கோ அந்தச் சமையலை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இன்றைக்கு முழு அரிசியை வைத்தால்கூட டக்கார்க்காரன் "இது வேண்டாம், குருணை கொடு" என்பான்.

இந்தக் குருணையில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து போகிறது. 2022 செப்டம்பரில் நம் அரசு குருணை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மழை குறைவு, உள்நாட்டில் விலை ஏற்றம் என்று அதற்குக் காரணம் இருந்தது. டெல்லியில் போட்ட ஒரு கையெழுத்து, டக்காரில் ஒவ்வொரு வீட்டு அடுப்பங்கரைக்கும் எட்டியது. பிறகு 2023இல் செனகல் முதலான சில நாடுகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் தடையையே நீக்கினார்கள். வணிகவியல் படிக்கும் தம்பிமார் இதைக் கவனிக்கணும். ஏற்றுமதிக் கொள்கை என்று பரீட்சைக்குப் படிக்கிறோமே, அதன் மறுமுனையில் யாரோ ஓர் அம்மாவின் சோற்றுப் பானை இருக்கு.

நகரமும் அதன் நெருக்கடியும்

டக்காரில் சுதந்திரச் சதுக்கத்தைச் சுற்றிய 'பிளாட்டோ' பகுதிதான் பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்காகக் கட்டியது. 1914இல் பிளேக் வந்தபோது, நோயைக் காரணம் காட்டி ஆப்பிரிக்கர்களை அங்கிருந்து கிளப்பி 'மெதீனா' என்ற புதுப் பகுதிக்கு அனுப்பினார்கள். அந்த மெதீனாதான் பின்னால் ஊரின் உயிர்நாடியாக ஆனது. உலகப் புகழ் பெற்ற பாடகர் யூசு இன்தூர் பிறந்தது அங்கேதான்.

1960இல் நாடு சுதந்திரம் பெற்றது. முதல் ஜனாதிபதி லியோபோல்ட் செதார் செங்கோர் ஒரு கவிஞர். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முஸ்லிம்கள் வாழும் நாட்டில், கத்தோலிக்கரான அவர் இருபது வருஷம் ஜனாதிபதியாக இருந்து, 1980 டிசம்பரில் தாமாகவே பதவி விலகினார். அவர் காலத்தில் 1966இல் உலகக் கறுப்பினக் கலைவிழா டக்காரில் நடந்தது.

செங்கோருக்குத் தமிழின்மேல் தனி ஈடுபாடு. 1974இல் சென்னைக்கு வந்து, ஆப்பிரிக்கப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் ஒப்பிட்டுப் பேசினார். டக்கார் பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வுக்கு இடம் கொடுத்தார். நம் பேராசிரியர் க.ப. அறவாணன் அவர்கள் அங்கே சென்று பணியாற்றி, ஆப்பிரிக்கர்–திராவிடர் ஒப்பீடு பற்றி எழுதியிருக்கிறார். அந்த மொழி உறவை இன்றைய மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனாலும், ஒரு நாட்டின் ஜனாதிபதி தம் மக்களுக்கு உறவு தேடித் தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாரே, அதை நாம் மறந்துவிடக் கூடாது.

1957இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1987இல் செக் அந்தா தியோப் என்ற அறிஞரின் பெயர் வைத்தார்கள். பழம்பொருள்களின் வயதைக் கணிக்கும் கரிமச் சோதனைக்கூடத்தை டக்காரில் நிறுவியவர் அவர். நான் அங்கே இருந்தபோது அந்த வளாகத்துக்குப் பக்கத்தில்தான் குடியிருந்தேன். விடுதி அறையில் இடம் போதாமல் ஒரு கட்டிலை இரண்டு மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். ராத்திரி தெருவிளக்கின் கீழே நடந்துகொண்டே படிப்பார்கள். இந்தக் காட்சி நம்மில் மூத்தவர்களுக்குப் புதிதல்ல.

இப்போது ஒரு கணக்கு. செனகல் நாட்டின் பரப்பு ஏறக்குறைய 1,96,700 சதுர கிலோமீட்டர். டக்கார் மண்டலம் அதில் சுமார் 550 சதுர கிலோமீட்டர்தான். நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. ஆனால் 2023 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் உள்ள சுமார் 1 கோடியே 80 லட்சம் பேரில் 40 லட்சம் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். 1970களில் உள்நாட்டில் வறட்சி வந்தபோது கிராமங்கள் காலியாகி, பிக்கின், கெஜவாய் என்ற புறநகர்கள் பெருகின. தாழ்வான சதுப்பு நிலங்களில் வீடு கட்டிவிட்டார்கள். மழை திரும்ப வந்தபோது தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. வெள்ளம் இன்று ஆண்டுதோறும் வரும் பிரச்சினை. இன்னொரு பக்கம், குடிதண்ணீரோ சுமார் 250 கிலோமீட்டர் தள்ளியுள்ள கியர் ஏரியிலிருந்து குழாயில் வரணும். 2013 செப்டம்பரில் அந்தக் குழாய் உடைந்து, ஊரில் பெரும்பகுதி இரண்டு வாரத்துக்கு மேல் தண்ணீர் இல்லாமல் தவித்தது. காலுக்கடியில் வெள்ளம், குடத்தில் தண்ணீர் இல்லை!

நெரிசலைக் குறைக்க முயற்சி நடக்கிறது. விமான நிலையம் 2017 டிசம்பரில் ஊருக்கு வெளியே போயிற்று. 1914இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின ஆப்பிரிக்கரான பிளேஸ் ஜாஞ்ஞின் பெயர் அதற்கு. தியாம்னியாஜோ என்ற புதுநகருக்கு 2021 டிசம்பர் முதல் மின்சார ரயில் ஓடுகிறது. 2024இல் மின்சாரப் பேருந்துகள் தனிப்பாதையில் ஓட ஆரம்பித்தன. நீலமும் மஞ்சளுமாகச் சித்திரம் வரைந்து, பின்படியில் பையன் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயர் கூவும் பழைய 'கார் ரபீட்' வேன்கள் மெல்ல மெல்ல மறைகின்றன. 'டக்கார் ராலி' என்று நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் கார்ப் பந்தயம்கூட டக்காரில் இப்போது இல்லை. 2008க்குப் பிறகு அது தென் அமெரிக்காவுக்குப் போய், 2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கிறது. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்றைக்கு அந்தக் கடலில்

டக்கார் கடற்கரையில் யோஃப், சும்பெஜூன், ஹான் என்று மீன் இறங்கும் இடங்கள் உண்டு. ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருவதால் அந்தக் கடலில் மீன் வளம் பிரசித்தம். ஆனால் வெளிநாட்டுப் பெருங்கப்பல்களும் மீன்தூள் ஆலைகளும் அள்ளிக்கொண்டு போக, வண்ணம் பூசிய மரப்படகுகளுக்கு மிச்சம் குறைகிறது. செபு ஜென்னுக்குப் போடும் நல்ல மீன் ஏழைத் தட்டில் அரிதாகிவிட்டது. ஐரோப்பியக் கப்பல்களுக்கான ஒப்பந்தம் 2024 நவம்பரில் காலாவதியானது.

மீன் இல்லாத படகு என்ன செய்யும்? ஆளை ஏற்றிக்கொண்டு ஸ்பெயினின் கனாரித் தீவுகளுக்குப் போகிறது. சுமார் 1,500 கிலோமீட்டர் திறந்த கடல். 'பார்சா, இல்லாவிட்டால் பர்சாக்' என்று அந்த இளைஞர்கள் சொல்வார்கள். பார்சிலோனா, இல்லாவிட்டால் மறுமை என்று பொருள். 2006இல் மேற்கு ஆப்பிரிக்கக் கரைகள் பலவற்றிலிருந்தும் அந்தத் தீவுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள் 31,000க்கும் மேல். 2024இல் 46,000க்கும் மேல். 2025இல் காவல் இறுகி எண்ணிக்கை குறைந்தது. இது வந்து சேர்ந்தவர்கள் கணக்கு. சேராதவர்கள் கணக்கு கடலிடம் இருக்கிறது. அன்று சங்கிலி போட்டு ஏற்றினார்கள். இன்று பணம் கொடுத்து ஏறுகிறார்கள்.

ஆனால் கடலைப் பார்த்து எல்லோரும் ஓடிவிடவில்லை. அதையும் சொல்லணும். 2024 பிப்ரவரியில் அன்றைய ஜனாதிபதி தேர்தலைத் தள்ளி வைத்தார். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளாகவே போராட்டங்களில் பல உயிர்கள் போயிருந்தன. 2023 ஜூனில் பல்கலைக்கழகக் கட்டடங்கள் எரிந்து, பல மாதம் வளாகமே மூடிக்கிடந்தது. தள்ளிவைத்தது செல்லாது என்று அரசியல் சாசன மன்றம் தீர்ப்பளித்தது. மார்ச் 24இல் ஜனங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். பத்து நாளுக்கு முன்புவரை சிறையில் இருந்த 44 வயது பசிரு ஜோமாய் ஃபாய், முதல் சுற்றிலேயே வென்றார். சுற்றியுள்ள நாடுகளில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. செனகலில் மட்டும் இதுவரை ராணுவம் ஆட்சிக்கு வந்ததில்லை. அந்த வரிசையில் நின்றவர்களில் பலர் உங்கள் வயதுப் பிள்ளைகள்.

மாணவச் செல்வங்களே, முடிக்கும் முன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் நாட்டுக் கல்லூரிகளில் ஆப்பிரிக்க மாணவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். அவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதை நான் இங்கே விவரிக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே கிடக்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர், ஒரு சிரிப்பு. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறோம். சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை அய்யா.

நான் டக்காரில் இறங்கிய முதல் வாரம், பெயர்கூடக் கேட்காமல் பக்கத்து வீட்டு அம்மா தட்டோடு சோறு அனுப்பினார். 'தெராங்கா' என்று அவர்கள் சொல்வார்கள். விருந்தோம்பல் என்று பொருள். நாம் பாட்டாகப் பாடுகிற சொல்லை அவர்கள் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். வணக்கம் சொல்வதற்கே அங்கே ஐந்து நிமிஷம் ஆகும். உடம்பு எப்படி, வீடு எப்படி, அம்மா எப்படி, வேலை எப்படி என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் வந்த காரியம்.

ஆகவே அந்த மாணவனைப் பார்த்து, "நீ ஆப்பிரிக்காவா?" என்று கேட்காதீர்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் கொண்ட கண்டம் அது. "எந்த ஊர் தம்பி? உங்க ஊர்லே என்ன சமைப்பாங்க?" என்று கேளுங்கள். புளியும் குருணையும் நீலத்துணியும் இருநூறு வருஷமாக நமக்கும் அவர்களுக்கும் நடுவே போய் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மனுஷனும் மனுஷனும் பேசுவதுதான் பாக்கி. அந்தப் பாக்கியை உங்கள் தலைமுறை தீர்த்து வைக்கட்டும்.